நெஞ்சுல பெட்டி இருந்தாலும் கை வீசி நடக்கலாம்

(புதுச்சேரியில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. பத்தாவதோட படிப்பு நின்னுடுச்சு. குழுக் கூட்டத்துல தீர்மானம் படிக்கிறதுதான் நான் இதுவரைக்கும் பேசின பெரிய பேச்சு. ஆனா ஊக்குநர் அக்கா, "உனக்கு நடந்ததை நீயே சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு சொன்னாங்க. அதனால எழுதிக்கிட்டு வந்திருக்கேன். பார்த்துப் படிச்சா தப்பா நினைக்காதீங்க.

எனக்கு வயசு 36. ஊர் பாகூர் பக்கம். என் இடது பக்கம் காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில பேஸ்மேக்கர்னு ஒரு சின்னப் பெட்டி இருக்கு. வெளிய பார்த்தா தெரியாது. தொட்டுப் பார்த்தா பெரிய நாணயம் மாதிரி கெட்டியா இருக்கும். இந்தப் பெட்டியை வச்ச பிறகு நான் ரெண்டு தப்பு பண்ணேன். முதல்ல ரொம்ப பயந்தேன். அப்புறம் பயந்ததை மறைச்சேன். அந்த ரெண்டையும் சொல்லத்தான் வந்தேன்.

முதல்ல எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால திடீர் திடீர்னு கண் இருட்டும். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். காமிச்ச இடத்துல "ரத்தம் கம்மி, கீரை சாப்பிடு"ன்னு மாத்திரை கொடுத்தாங்க. நாமளும் என்ன நினைப்போம்? வேலை அதிகம், தூக்கம் இல்லை, அதான் அசதின்னு விட்டுடுவோம். நானும் அப்படித்தான் விட்டேன். ஒரு நாள் காலையில தெருக்குழாய்ல குடத்தை வச்சுட்டு நிமிர்ந்தவதான், அப்படியே விழுந்துட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பிடிக்கலைன்னா மண்டை உடைஞ்சிருக்கும். புதுச்சேரிக்குக் கூட்டிட்டு வந்து ஈசிஜி எடுத்துப் பார்த்தா, நாடி நிமிஷத்துக்கு 38. சும்மா இருக்கும்போது சாதாரணமா 60-ல இருந்து 100 வரைக்கும் இருக்கணும்.

டாக்டரம்மா படம் போட்டுச் சொன்னாங்க. நம்ம இதயத்துக்குள்ளேயே மேல ஒரு இடத்துல சின்ன மின்சாரம் உண்டாகுது. அது கீழ இறங்கி வந்தாத்தான் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். எனக்கு அந்த வழியில அடைப்பு. அடைப்புன்னா ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, கரண்டு போற வழியில அடைப்பு. மேல இருந்து வர்ற தகவல் கீழ சேரலை. அதனால இதயம் தன் போக்குல மெதுவா அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. மாத்திரையால இது சரியாகாது, பேஸ்மேக்கர் வைக்கணும்னாங்க.

அந்தப் பெட்டிக்குள்ள பேட்டரி இருக்கு. அதுல இருந்து மெல்லிசான ஒயர் ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ள போகுது. இதயம் அடிக்கத் தவறினா பெட்டி ஒரு சின்னத் தூண்டல் கொடுக்கும். இதயம் தானா ஒழுங்கா அடிச்சா சும்மா பார்த்துக்கிட்டு இருக்கும். பெரும்பாலும் நெஞ்சைப் பிளக்காம, அந்த இடத்தை மட்டும் மரக்க வச்சே வைக்கிறாங்க. பேட்டரி பல வருஷம் வரும். தீரும்போது பெட்டியை மட்டும் மாத்துவாங்க.

இதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். உலகத்துலேயே முதன்முதலா உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வச்சது 1958-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, ஸ்வீடன் நாட்டுல ஸ்டாக்ஹோம் நகரத்துல. வச்சுக்கிட்டவர் பேர் ஆர்னே லார்சன். அப்ப அவருக்கு வயசு 43. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுவாராம். அவர் மனைவி எல்சே மரி சும்மா இருக்கலை. ஓகே சென்னிங்ங்கிற அறுவை டாக்டரையும் ரூனே எல்ம்க்விஸ்ட்ங்கிற இன்ஜினியரையும் விடாம போய்ப் பார்த்து, "எப்படியாவது செஞ்சு கொடுங்க"ன்னு நின்னாங்க. மனுஷன் உடம்புக்குள்ள வைக்கிற மாதிரி கருவி இன்னும் தயாராகலைன்னு சொல்லியும் அந்தம்மா விடலை. இன்ஜினியர் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சா வச்சு ஒரு கருவி வார்த்தார். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடுச்சு. அதுக்கப்புறம் மாத்தி மாத்தி வச்சு, லார்சன் 2001 வரைக்கும், 86 வயசு வரைக்கும் வாழ்ந்தார். வச்ச டாக்டரும் செஞ்ச இன்ஜினியரும் போன பிறகும் அவர் இருந்தார். ஒரு பெண் பிடிவாதமா போய் நின்னதால இன்னிக்கு என்னை மாதிரி எத்தனையோ பேர் உயிரோட இருக்கோம். நம்ம குழுவுல பேங்க் படிக்கட்டு ஏறி ஏறி லோன் வாங்கின அக்காமாருக்கு அந்தப் பிடிவாதம் நல்லாவே புரியும்.

இப்ப என் முதல் தப்பு. மார்கழி மாசம் எனக்கு வச்சாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது, "இடது கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க, கனம் தூக்காதீங்க"ன்னு சொன்னாங்க. எத்தனை நாளுக்குன்னு நான் சரியா காதுல வாங்கலை. ஒயர் கழண்டுடுமோன்னு பயத்துல அந்தக் கையை அசைக்கவே இல்லை. துணியில கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டு மூணு மாசம் இருந்தேன். தலை வாரிவிட மாமியார், துணி துவைக்க நாத்தனார். வீட்டுக்காரர் தண்ணி தூக்கினார். எல்லாரும் தாங்குதாங்குன்னு தாங்கினாங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா பங்குனி வந்தப்போ கை தூக்கணும்னாலும் வரலை. தோள்பட்டை இறுகிப் போச்சு. ரவிக்கை கொக்கி போட முடியலை. பெட்டி நல்லா வேலை செய்யுது, கை வேலை செய்யலை.

மறு பரிசோதனைக்குப் போனப்போ டாக்டரம்மா, "தூக்காதேன்னுதான் சொன்னோம், அசைக்காதேன்னு யார் சொன்னது?"ன்னு கேட்டாங்க. பிசியோதெரபிக்கு அனுப்பினாங்க. வலியோட ரெண்டு மாசம் பயிற்சி செஞ்சுதான் கை மேல போச்சு. அப்ப அவங்க சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன்.

பெட்டி வச்ச முதல் நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும்தான் ரொம்ப கவனம் வேணும். அந்த நாள்லதான் ஒயர் நுனி இதயச் சதையில படிஞ்சு உறுதியாகும். எத்தனை வாரம்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், அதை உங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுதிக்கணும். அந்த வாரங்கள்ல அந்தப் பக்க முழங்கை தோளுக்கு மேல போகக் கூடாது. பரண்ல இருந்து பாத்திரம் எடுக்கக் கூடாது. கொடியில துணி போடக் கூடாது. ஒரு குடம் தண்ணி 12, 15 கிலோ வரும், அதை இடுப்புல வைக்கவே கூடாது. அஞ்சு லிட்டர் கேனைக்கூட அந்தக் கையால தூக்க வேண்டாம். மாவு பிசையறது, துணி அடிச்சுத் துவைக்கிறது, அண்டாவை இழுக்கிறது, குழந்தையைத் தூக்கிக்கிறது எல்லாம் அப்ப வேண்டாம்.

ஆனா கையைக் கட்டி வைக்கவும் கூடாது. தோளுக்குக் கீழ அளவுல மெல்ல மெல்ல அசைச்சுக்கிட்டே இருக்கணும். சாப்பிடலாம், முகம் கழுவலாம், காய் நறுக்கலாம். முழங்கையை மடக்கி நீட்டலாம், விரலை மூடித் திறக்கலாம். வீட்டுக்குள்ளேயும் வாசல்லயும் நடக்கலாம். காயத்து மேல ரவிக்கையோ உள்ளாடைப் பட்டையோ அழுத்தாம மெத்துன்னு துணி வச்சுக்கணும். பை மாட்டினா மறு தோள்ல மாட்டணும்.

இப்ப ரெண்டாவது தப்பு. கை சரியாச்சு. ஜூன் 21 வந்துச்சு. உலக யோகா தினம்னு 2015-ல இருந்து வருஷா வருஷம் கொண்டாடுறாங்களே, அதுக்கு நம்ம பெண்களுக்கும் ஒரு வகுப்பு நடந்துச்சு. நானும் போய்க் கடைசி வரிசையில நின்னேன். பெட்டி இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லலை. ஏன் சொல்லலை? உண்மையைச் சொல்றேன். "நெஞ்சுல மிஷின் வச்சவ"ன்னு பேர் வந்துடும்னு வெட்கம். அதைவிட, அப்பத்தான் குழுவுல கறவை மாட்டுக் கடனுக்கு என் பேர் வர்ற முறை. இவளுக்கு ஒண்ணு ஆயிட்டா கடனை யார் கட்டறதுன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயம். அதனால ஆரோக்கியமா இருக்கேன்னு காட்டிக்க எல்லாரோடும் சேர்ந்து சூரிய நமஸ்காரம் செஞ்சேன். ரெண்டு கையையும் தரையில ஊனி, இடுப்பைத் தூக்கி, உடம்பு கனத்தைத் தோள்ல தாங்கிற இடத்துல பெட்டிகிட்ட சுரீர்னு வலிச்சுது. அப்பவும் வாயைத் திறக்கலை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஒயர் அறுந்துடுச்சோ, பொழுது விடியறதுக்குள்ள செத்துடுவேனோன்னு ரெண்டு பிள்ளைங்களையும் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டு நாடியைப் பிடிச்சபடி கிடந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் மேல ஒரு கருவியை வச்சு கம்ப்யூட்டர்ல பார்த்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. ஒயர் நல்லா இருக்கு, சதைப் பிடிப்புதான்னாங்க. உயிர் வந்துச்சு. "யோகாவை விட்டுடட்டுமா?"ன்னு கேட்டேன். "ஏன் விடணும்? எதைச் செய்யணும், எதை விடணும்னு தெரிஞ்சு செய்யுங்க"ன்னு சொல்லி ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தாங்க. பெட்டி இருக்குன்னு உடம்பை அசைக்காம உட்கார்ந்தா சர்க்கரை, பிரஷர், எடை எல்லாம் ஏறும், அதுதான் இதயத்துக்குக் கெடுதல்னு சொன்னாங்க.

யோகா நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. டாக்டருக்குப் படிச்ச சுவாமி கீதானந்த கிரி 1968-ல இங்க ஆனந்தா ஆசிரமம் தொடங்கினார். ஜனவரி மாதத் தொடக்கத்துல சர்வதேச யோகா திருவிழா நம்ம கடற்கரையில நடக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஜிப்மர்லயே யோகாவை வைத்திய முறையில ஆராய்ச்சி பண்ணவும் சொல்லிக் கொடுக்கவும் 2008-ல தனி மையம் தொடங்கினாங்க. அதனால நம்ம ஊர்ல யோகாவும் டாக்டரும் எதிரி இல்லை. ரெண்டு பேர்கிட்டயும் உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் நமக்கு உதவுவாங்க.

என் தாள்ல இருந்ததைச் சொல்றேன். இது பெட்டி வச்சு காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு செய்யறது. உங்க வீட்ல யாருக்காவது பெட்டி இருந்தா, அவங்க டாக்டர்கிட்ட கேட்காம இதை அப்படியே செய்ய வேண்டாம்.

ஜூன் 21 வகுப்புல சொல்லித் தர்றதுல பலதும் செய்யலாம். கழுத்தை மெல்லத் திருப்பறது, இடுப்பைத் திருப்பறது, நேரா நிக்கிற தாடாசனம், சுவத்தை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் காலில் நிக்கிற விருட்சாசனம், வஜ்ராசனம், பத்ராசனம், மல்லாந்து படுத்து முழங்காலை வயிறுகிட்ட மடக்கிற பவனமுக்தாசனம், கடைசியா சவாசனம். தாடாசனத்துல கை தூக்கும்போது மெதுவா தூக்கி, தோள் எங்க பிடிக்குதோ அங்க நிறுத்திடணும். விண்ணுன்னு இழுக்கக் கூடாது.

விட வேண்டியது, இல்லைன்னா டாக்டரைக் கேட்டுட்டுத்தான் செய்ய வேண்டியது மூணு வகை. முதல் வகை, உடம்பு கனம் கையிலயும் தோள்லயும் விழறது. சூரிய நமஸ்காரத்துல கை ஊனுற பகுதி, மயூராசனம், கையால நிக்கிறது எல்லாம் இதுல வரும். ஒயர் காரை எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவுல போகுது. அந்த இடம் திரும்பத் திரும்ப நசுங்கினா வருஷக்கணக்குல ஒயர் தேய வாய்ப்பு இருக்கு. கையை முதுகுக்குப் பின்னால கோத்து இழுக்கிற கோமுகாசனமும் அப்படித்தான். ரெண்டாவது வகை, குப்புறப் படுத்து நெஞ்சு தரையில அழுந்தறது. புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம். பெட்டி இருக்கிற இடம் அழுந்தும், வலிக்கும். மூணாவது வகை, தலைகீழா நிக்கிறது. சிரசாசனம், சர்வாங்காசனம்.

மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். மூச்சை அடக்கி வைக்கிற கும்பகமும், வேகமா மூச்சை வெளிய தள்ளுற கபாலபாதி, பஸ்திரிகா ரெண்டும் எனக்கு வேண்டாம்னாங்க. மூச்சை அடக்காம மெதுவா செய்யற நாடி சுத்தியும், வண்டு மாதிரி ரீங்காரம் பண்ற பிராமரியும் செய்யலாம்னாங்க. தினம் பத்து நிமிஷம் செய்யறேன். ராத்திரி நாடியைப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கிற பழக்கம் அதனாலதான் போச்சு.

இன்னொண்ணு. படுத்ததுல இருந்து விருட்டுன்னு எழக் கூடாது. ஒருக்களிச்சு, கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் எழணும். ஒருக்களிக்கும்போது பெட்டி இல்லாத பக்கமா புரளுங்க.

யோகாவைவிட எளிசு நடை. அதுக்குக் காசும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம். நான் பாகூர் ஏரிக்கரையில நடக்கிறேன். டவுன்ல இருக்கிற அக்காமாருக்குக் கடற்கரைச் சாலை இருக்கு. சாயந்திரம் 6 மணியில இருந்து மறுநாள் காலை 7.30 வரைக்கும் அங்க வண்டி விடறதில்லை. காந்தி சிலைகிட்ட இருந்து டூப்ளே சிலை வரைக்கும் போய்த் திரும்பலாம். இல்லைன்னா பாரதி பூங்காவுக்குள்ள சுத்தி வந்து, களைச்சா ஆயி மண்டபத்துகிட்ட உட்காரலாம். முதல் வாரம் 10 நிமிஷம். உடம்பு கேட்டா அஞ்சு அஞ்சு நிமிஷமா கூட்டணும். வாரத்துக்கு அஞ்சு நாள், நாளைக்கு 30 நிமிஷம்ங்கிற அளவுக்கு வந்தா நல்லது. முதல் அஞ்சு நிமிஷமும் கடைசி அஞ்சு நிமிஷமும் மெதுவா நடக்கணும்.

எவ்வளவு வேகம்? பக்கத்துல வர்றவங்களோட பேச முடியணும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதான் சரியான வேகம். பேசவே மூச்சு வாங்கினா வேகம் அதிகம். நாம நாலு பேர் சேர்ந்து நடந்தா பேசாம இருக்கப் போறதில்லை, அதனால கணக்கு தப்பாது.

எனக்கு ஆச்சரியமா இருந்த ஒரு விஷயம். சில பேஸ்மேக்கர்ல உடம்பு அசையறதைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கு. நாம வேகமா நடந்தா, "இவ வேலை செய்யறா"ன்னு புரிஞ்சுக்கிட்டுத் துடிப்பைக் கூட்டும். நின்ன இடத்துல சைக்கிள் மிதிக்கிற மிஷின்ல உட்கார்ந்தா கால் மட்டும்தான் அசையும், நெஞ்சு அசையாது. அதனால பெட்டிக்குத் தெரியாம, துடிப்பு போதாம சீக்கிரம் களைச்சுப் போகலாம். கையை வீசி நடந்தா பெட்டிக்கு நல்லாத் தெரியும். அதே மாதிரி பள்ளம் மேடான ரோட்ல டெம்போ தூக்கித் தூக்கிப் போட்டா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு கொஞ்சம் கூடலாம். வண்டி நின்னதும் சரியாயிடும். உங்க பெட்டியில இந்த வசதி இருக்கான்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. என்னைக் களைப்பு வாட்டினப்போ, டாக்டரம்மா கம்ப்யூட்டர்லயே அந்த அளவை மாத்தி வச்சாங்க. கத்தி வைக்கலை, ஊசி போடலை.

நாடி பார்க்கக் கத்துக்குங்க. கட்டை விரலுக்குக் கீழ மணிக்கட்டுல ரெண்டு விரலை வச்சு 30 விநாடி எண்ணி ரெண்டால பெருக்கணும். பெட்டியில குறைஞ்ச அளவு ஒண்ணு வச்சிருப்பாங்க. எனக்கு 60. உங்களுக்கு வேறயா இருக்கலாம். ஒரு தடவை குறைவாத் தெரிஞ்சா பதற வேண்டாம், உட்கார்ந்து மறுபடி எண்ணுங்க. தொடர்ந்து குறைவா இருந்தா ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்.

வீட்டு வேலையில பெரிய தடை இல்லை. மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ், டிவி எல்லாம் நல்ல நிலைமையில இருந்தா பயன்படுத்தலாம். ஓடற மோட்டார் மேல நெஞ்சை அழுத்தக் கூடாது, அவ்வளவுதான். இண்டக்ஷன் அடுப்பு இருந்தா ரெண்டு அடி தள்ளி நிக்கணும். அதுக்கு விறகடுப்பும் கேஸும் மேல்னு நான் வாங்கலை. முக்கியமானது செல்போன். நம்மில் பாதிப் பேர் ரவிக்கைக்குள்ளதான் போனை வைக்கிறோம், சிரிக்காதீங்க! பெட்டி இருக்கிறவங்க அப்படி வைக்கவே கூடாது. அரை அடி, அதாவது 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கணும். பேசும்போது மறு பக்கக் காதுல வச்சுப் பேசணும். காந்தம் வச்ச வளையல், காந்தப் படுக்கை, இலவசம்னு கூப்பிட்டு கரண்ட் வச்சு வலி போக்கறோம்னு சொல்ற மிஷின், உடம்புக் கொழுப்பை அளக்கிற மின்சார எடை மிஷின், இதெல்லாம் வேண்டாம். எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதினா பெட்டி இருக்குன்னு முன்னாடியே சொல்லணும். பெட்டி வச்சப்போ கொடுத்த அட்டையை எப்பவும் கையில வச்சிருக்கணும். நான் ரேஷன் கார்டோட சேர்த்து ஒரு நகல் வீட்லயும், அசலைப் பையிலயும் வச்சிருக்கேன்.

ஒண்ணைப் பிரிச்சுச் சொல்லணும். சில பேருக்கு, இதயம் தாறுமாறா ஓடினா அதிர்ச்சி கொடுத்து நிறுத்தற வேற வகைப் பெட்டி வைப்பாங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவங்களுக்கு எவ்வளவு வேகம் வரைக்கும் உழைக்கலாம்னு தனிக் கணக்கு உண்டு. அதனால, "எனக்கு எந்தப் பெட்டி?"ன்னு முதல்ல கேட்டுடணும்.

எப்ப நிறுத்தணும்? யோகாவோ நடையோ வேலையோ, செய்யும்போது தலை சுத்தினா, நெஞ்சு வலிச்சா, வழக்கத்துக்கு மேல மூச்சு வாங்கினா உடனே நிறுத்தி உட்காரணும். மயக்கம் போட்டாலோ நெஞ்சு வலி விடலைன்னாலோ 108-க்குப் போன் பண்ணணும். நிக்காத விக்கல், வயிறோ நெஞ்சோ தானா துடிக்கிறது, பெட்டி மேல சிவந்து வீங்கறது, நீர் வடியறது, காய்ச்சல், அந்தக் கை வீங்கறது, பழைய மாதிரி கண் இருட்டறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே போய்க் காட்டணும். மஞ்சள் பத்துப் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கக் கூடாது. எதுவும் இல்லைன்னாலும் அவங்க கொடுத்த தேதிக்குப் பரிசோதனைக்குப் போயே ஆகணும். பேட்டரி எவ்வளவு மிச்சம்னு அப்பத்தான் தெரியும்.

கடைசியா, நான் மறைச்ச கதை எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லிடறேன். அடுத்த மாசக் கூட்டத்துல தைரியத்தை வரவழைச்சுக்கிட்டுச் சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுதுட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் எங்க ஊக்குநர் அக்கா, "ரெண்டு வருஷமா சந்தா கட்டற கை அதே கைதானே? அடுத்த தீர்மானத்தைப் படி"ன்னாங்க. மாட்டுக் கடன் கிடைச்சுது. இன்னிக்கு வரைக்கும் ஒரு தவணை தவறலை. இன்னும் ஆச்சரியம், கூட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேர் தனியா வந்தாங்க. ஒருத்தங்க மாமியாருக்குப் பெட்டி வச்சு ஒரு வருஷமா கட்டிலை விட்டு எழவிடாம வச்சிருக்காங்க. இன்னொருத்தங்களுக்கே வால்வு கோளாறு, அவங்களும் அந்த யோகா வகுப்புல என் பக்கத்துல நின்னவங்கதான்! அவங்களும் சொல்லலை, நானும் சொல்லலை. யாரும் கேட்கவும் இல்லை.

அதனால கூட்டமைப்புக்கு நான் வைக்கிற வேண்டுகோள் ஒண்ணுதான். இனிமே நாம எங்க யோகா வகுப்போ, விளையாட்டுப் போட்டியோ, கோலப் போட்டியோடு ஓட்டப் பந்தயமோ வச்சாலும், தொடங்கறதுக்கு முன்னால பயிற்சி கொடுக்கிறவங்க தனித்தனியா ஒரு கேள்வி கேட்கணும்: "இதயத்துல ஏதாவது இருக்கா? ஆபரேஷன் ஆயிருக்கா? மாசமா இருக்கீங்களா?" மைக்ல வேண்டாம், காதோட கேட்டாப் போதும். இருக்குன்னு சொன்னவங்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முன் வரிசையில நாற்காலி போட்டு, அவங்க செய்யக்கூடியதைச் செய்ய வைக்கணும்.

உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். உங்க வீட்ல பெட்டி வச்சவங்க இருந்தா, டாக்டர்கிட்ட போகும்போது இந்த நாலு கேள்வியைத் தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க. எனக்கு எந்த வகைப் பெட்டி? எத்தனை வாரம் வரைக்கும் கையில கவனம்? என் பெட்டியில வச்சிருக்கிற குறைஞ்ச துடிப்பு எவ்வளவு, அதிக துடிப்பு எவ்வளவு? நான் எந்த வேலை, எந்த ஆசனம் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? பதிலை அங்கேயே எழுதி வாங்கிக்குங்க. வாயால கேட்டா பயத்துல பாதி மறந்துடும். நான் மறந்ததுக்கு மூணு மாசம் கை போச்சு.

இந்த வருஷ ஜூன் 21-க்கு நான் முன் வரிசையில உட்கார்ந்தேன். எல்லாரும் கை ஊனினப்போ நான் வஜ்ராசனத்துல இருந்தேன். எல்லாரும் குப்புறப் படுத்தப்போ நான் மல்லாந்து படுத்தேன். என் பக்கத்துல வால்வு அக்கா. அவங்களுக்குப் பக்கத்துல, கட்டில்லயே கிடந்த அந்த மாமியார், நாற்காலியில உட்கார்ந்து கையை மடக்கி நீட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்க மருமகதான் டெம்போவுல கூட்டிட்டு வந்திருந்தாங்க.